கல் மிஞ்சியது, கூடை மக்கியது

1966இல் சிகாகோவில் நடந்த கருத்தரங்கின் கட்டுரைகள் 1968இல் ‘வேட்டையாடும் மனிதன்’ (ஆண் என்றே படியுங்கள்) என்ற பொருள்படும் தலைப்பில் நூலாயின. அதே நூலில் ரிச்சர்ட் லீ, கலஹாரியின் குங் மக்கள் உண்டதில் பாதிக்கு மேல் தாவர உணவு என்று கணக்குக் காட்டுகிறார். பெரும்பாலும் பெண்கள் திரட்டியது. தலைப்பு அசையவில்லை.

வேட்டையே மனிதருக்குக் கூடிவாழக் கற்றுத்தந்தது என்ற வாதத்தை 1970களில் சாலி ஸ்லோகம் மறுத்தார். பிள்ளையைச் சுமக்கும் தூளியும் கிழங்கிடும் கூடையும் முதல் கண்டுபிடிப்புகளில் சேர்ந்திருக்கலாம் என்றார். நாரும் தோலும் மக்கிவிடும், கல்முனை கிடக்கும். சான்று என்பதே ஒருபக்கம் சாய்ந்ததுதான்.

பெருவில், 9,000 ஆண்டுப் பழைய குழியில் வேட்டைக் கருவிகளோடு ஓர் இளம்பெண் கிடைத்ததாக 2020இல் வந்த செய்தியை என் மாணவிகள் கொண்டாடினார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஈட்டியோடு வந்தால்தான் பரிணாமக் கதையில் நமக்கு இடமா? கிழங்கு அகழ்ந்தவளை எப்போது எண்ணப்போகிறோம்?