நின்ற நூல் நடந்த விதம்

நம் நூலாசிரியர்கள் முகவுரையில் விரும்பி எழுதும் வாக்கியம் ஒன்றுண்டு: "இரண்டாம் பாகம் விரைவில் வெளிவரும், இன்ஷா அல்லாஹ்." அந்த இரண்டாம் பாகத்தைக் கண்ணால் கண்டவர் அரியர். ஆசிரியர் மறைந்தபின் பாதிக் கையெழுத்துப் படி வீட்டு அலமாரியில் கிடந்து செல்லுக்கு இரையாகின்றது. இதற்குச் சோம்பலையும் பொருள் முடையையும் காரணம் கூறுதல் வழக்கம். அவையும் காரணங்களே. எனினும், எடுத்த எடுப்பிலேயே வகுத்துக்கொள்ளும் அளவிறந்த திட்டமும், கேட்பார் எவருமின்றித் தனித்திருந்து எழுதுதலுமே பெரும்பாலும் நூலை நிறுத்துகின்றன என்பது என் துணிபு.

சான்று வேண்டுவோர், ஸஹீஹுல் புகாரிக்கு இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) வரைந்த 'ஃபத்ஹுல் பாரீ' எனும் விரிவுரை உருவான வரலாற்றை நோக்குக. அதன் முன்னுரையாகிய 'ஹத்யுஸ் ஸாரீ' ஹி. 813-இல் நிறைவுற்றது. விரிவுரையோ ஹி. 817-இல்தான் (கி.பி. 1414) தொடங்கிற்று. முதலில் மிக விரிவாக ஒரு பகுதியை எழுதிப் பார்த்த இமாமவர்கள், இவ்வாறே சென்றால் முற்றுப்பெறாது என அஞ்சி, அதனை விடுத்து நடுத்தர அளவில் புதிதாகத் தொடங்கினார்கள். இன்று பல பாகங்களாக நிற்கும் பெருநூலே அந்த 'நடுத்தர' வடிவம்!

தொடக்கத்தில் மாணவர்க்குச் சொல்லி எழுதுவித்தார்கள். பின்னர்த் தம் கையாலேயே சிறிது சிறிதாக எழுதலாயினர். எழுதிய ஏடுகளை மாணவ அறிஞர்கள் படியெடுப்பர். வாரத்தில் ஒருநாள் கூடுவர். ஒருவர் வாசிக்க, ஏனையோர் தத்தம் படியோடு ஒப்புநோக்குவர், ஐயங்கள் எழும், திருத்தம் நிகழும். அடுத்த வாரமும் கூட்டம் உண்டு எனும்போது பேனா எங்ஙனம் நிற்கும்? தலைமைக் காஜிப் பதவி வந்தும் போயும் அலைக்கழித்த ஆண்டுகளிலும் இப்பணி நடந்தது. ஹி. 842 ரஜபில் (கி.பி. 1438) நூல் முற்றுப்பெற்றது.

நூலினுள்ளும் ஓர் உத்தி உண்டு. இமாம் புகாரி (ரஹ்) ஒரே ஹதீஸைப் பல பாபுகளில் மீண்டும் மீண்டும் கொணர்வார்கள். முதல் இடத்திலேயே முழுதும் விளக்க முனையாது, இன்ன கிதாபில் இதன் விளக்கம் வரும் எனக் குறித்துவிட்டு மேலே செல்வது இப்னு ஹஜரின் வழக்கம். பாடம் நடத்துவோர்க்கு இது தொல்லைதான். ஒரு ஹதீஸுக்காகச் சில பாகங்களைப் புரட்ட வேண்டியிருக்கும். ஆயினும் நூல் முடிந்ததற்கு நாம் தரும் விலை அது, மலிவான விலையே.

எழுதியவரே மறைந்துவிட்டால்? ஜலாலுத்தீன் மஹல்லீ (ரஹ்) கஹ்ஃப் அத்தியாயம் முதல் நாஸ் வரை தஃப்ஸீர் எழுதி, ஃபாத்திஹாவையும் முடித்து, ஹி. 864-இல் காலமானார்கள். ஹி. 870-இல், இருபத்திரண்டு வயதும் நிரம்பாத ஜலாலுத்தீன் ஸுயூத்தீ (ரஹ்), பகரா முதல் இஸ்ரா வரையுள்ள எஞ்சிய பகுதியை நாற்பது நாட்களில் எழுதி முடித்தார்கள். முன்னவரின் சுருக்கத்தையே தமக்கும் அளவாகக் கொண்டமையால் அவ்விரைவு கைகூடிற்று. மத்ரஸாவில் 'ஜலாலைன்' ஓதும் மாணவர் பலர், கஹ்ஃபில் ஆசிரியர் மாறுவதை உஸ்தாத் சொல்லித்தான் அறிவர்.

தமிழிலும் இதற்கு ஒப்பு உண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு முழுமையையும் பாடாது நின்றது. எஞ்சியதைப் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா'வாகப் பாடினார். உமறுவின் கவிநயத்தோடு நிறுத்துப் பார்த்து, எடை குறைவென அதனை ஒதுக்குவோர் உளர். தொடர்ந்து வந்தவரை அளக்கும் கோல் அதுவன்று. உமறு நின்ற இடத்தை அவர் எவ்வாறு பற்றினார், எந்த அளவை ஏற்றார், எதனை விடுத்தார் என்பனவே முதற்கண் கேட்கத்தக்கவை. அக்கேள்விகளோடு சின்னச் சீறாவைக் கையிலெடுத்தோர் நம்மில் மிகச் சிலரே.