வெரைட்டி ஹாலும் 'முதல்' என்ற பட்டமும்

கோவையின் பழைய கட்டடங்களைப் பற்றி யார் எழுதினாலும் அந்த வரிசை பெரிதாக மாறுவதில்லை. 1892-இன் விக்டோரியா ஹால், மணிக்கூண்டு, 1902-இன் காஸ் வன அருங்காட்சியகம், வ.உ.சி. செக்கிழுத்த மத்திய சிறை, அப்புறம் டிலைட் தியேட்டர். டிலைட் வந்தால் கூடவே ஒரு பட்டமும் வந்துவிடும்: 'தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்கு'. நானும் யோசிக்காமல் அப்படி எழுதியவன்தானுங்க. இப்போது அதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

வெரைட்டி ஹால் என்ற பெயரில் சாமிக்கண்ணு வின்சென்ட் அதைக் கட்டியது 1914-இல். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் எலெக்ட்ரிக் தியேட்டரைத் தொடங்கியது 1913-இல். அந்தக் கட்டடம் இன்றைக்கும் அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் நிற்கிறது. இதைச் சொன்னால் உடனே 'தமிழர் கட்டிய முதல்', 'கோவையின் முதல்' என்று பட்டத்தைச் சுருக்கி ஒட்டுப்போடுகிறார்கள். அதில் ஒன்று சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு கட்டடத்தின் மதிப்பை முழுக்கப் பட்டத்தின் மேல் ஏற்றி வைத்தால், தேதி தவறு என்று தெரிகிற அன்றைக்கு அதைக் காப்பாற்றச் சொல்ல நம்மிடம் வேறு காரணமே இருக்காது.

காரணமா இல்லை? வின்சென்ட் ரயில்வேயில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். 1905-இல் திருச்சியில் துபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஜமீனும் இல்லை, மில்லும் இல்லை. அப்படிச் சுற்றிய மனுசன் ஒரு இடத்தில் சுவர் எழுப்பி உட்காருகிறார் என்றால், தினமும் காசு கொடுத்துப் படம் பார்க்க ஆள் வரும் என்று இந்த ஊரை நம்பினார் என்று அர்த்தம். கோவையில் 1888-லேயே நூற்பாலை வந்துவிட்டது. மாசச் சம்பளம் வாங்குகிற கூட்டம் இருந்தது. கொட்டகையையும் மில் சங்கையும் சேர்த்துப் படிக்காமல் வெரைட்டி ஹாலைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கட்சி.

அதன் தொடர்ச்சியும் கட்டுரைகளில் காணாமல் போகிறது. 1933-இல் டி.பி. ராஜலட்சுமி நடித்த 'வள்ளி திருமணம்' படத்தில் வின்சென்ட் தயாரிப்பாளராகக் கை வைத்தார். 1935-இல் சென்ட்ரல் ஸ்டுடியோஸ் வந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) அங்கே எடுத்த படம். 'மலைக்கள்ளன்' (1954) பட்சிராஜாவுடையது. இந்த ஸ்டுடியோக்களை எந்தப் பாரம்பரியப் பட்டியலிலாவது பார்த்திருக்கிறீர்களா? தூணும் வளைவும் இருந்தால்தான் பாரம்பரியம் என்று நமக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ஷெட்டுக்கு மரியாதை கிடையாது.

விக்டோரியா ஹால் பிழைத்ததற்கு அதன் அழகு மட்டும் காரணமில்லை. மாநகராட்சி மன்றம் அங்கே கூடுவதால் பிழைத்தது. டிலைட்டுக்கு அப்படி ஒரு உபயோகம் வாய்க்கவில்லை; படம் ஓடுவது நின்றதும் நாதியில்லாமல் போயிற்று. தெருப் பெயர் மட்டும் இன்னும் வெரைட்டி ஹால் ரோடு.

அந்தத் தெருவிலோ பக்கத்திலோ அச்சகம் வைத்திருந்த குடும்பங்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: பழைய சினிமா நோட்டீஸ், டிக்கெட் கட்டு, கணக்குப் புத்தகம் எது இருந்தாலும் எடைக்குப் போட்டுறாதீங்க. நானே வந்து படம் எடுத்துக்கொள்கிறேன்.