இரண்டாம் படம் முதற்படத்தை வென்றதா?

பிணங்கள் எழுந்து நடக்கும் கதைக்கு இப்பகுதியில் இடமளிப்பானேன் என்று வாசகர்களில் சிலர் வினவக்கூடும். பில்லி சூனியத்தை நம்பாத நாம் பேய்ப்படத்தைப் பற்றிப் பேசலாமோ என்பது அவர்தம் ஐயமாயிருக்கும். நாம் இங்கு எடுத்துக்கொண்ட கொரியப் படங்கள் இரண்டிலும் பேயுமில்லை, பூசாரியுமில்லை, மந்திரமுமில்லை. உள்ளவை ஒரு தொற்றுநோயும், அந்நோய்க்கு அஞ்சிய மனிதருமே. அஞ்சிய மனிதன் தன் அயலானை என்ன செய்கிறான் என்பதே கதை. ஆதலால் இது நாம் பேசவேண்டிய விஷயமேயாகும்.

'ஜாம்பி' என உலகோர் அழைக்கும் நடைப்பிணங்களைக் கொண்டு யோன் சாங்-ஹோ என்னும் டைரக்டர் 2016-ஆம் ஆண்டில் 'ட்ரெயின் டு பூசான்' என்ற படத்தை எடுத்தார். கொரியாவில் மாத்திரம் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் கொட்டகைக்குச் சென்று அதைக் கண்டனர். நான்காண்டு கழித்து, 2020-இல், அவரே 'பெனின்சுலா' என்னும் தொடர்ச்சியை வெளியிட்டார். முன்னதிலும் இதில் செலவு அதிகம், களம் பெரிது, துப்பாக்கியும் மோட்டாரும் ஏராளம். சண்டைப் படத்திற்கு வேகமே உயிர், அவ்வேகம் மிகுந்த பின்னதே சிறந்தது என வாதிப்போர் உளர். அவ்வாதத்தைச் சற்று ஆராய்வோம்.

தொடர்ச்சிப் படம் எதுவும் தாழ்ந்தே தீரும் என்ற முடிவோடு நாம் இதில் இறங்கவில்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் ரொமேரோ என்பார் 1968-இல் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில், சிலரை ஒரு பண்ணை வீட்டினுள் அடைத்துப் பிணங்களை வெளியே உலவவிட்டார். பத்தாண்டுக்குப் பின் 'டான் ஆஃப் தி டெட்' எடுத்தபோது களத்தை ஒரு பெரிய கடைத்தொகுதிக்கு மாற்றினார். உயிரோடிருந்த நாளில் சுற்றித்திரிந்த இடத்திற்கே பிணங்கள் பழக்கத்தால் வந்து சேர்கின்றன. பிழைத்தவரோ கடைச்சரக்குகளை அள்ளிக் குவித்து அங்கேயே குடியிருக்க ஆசைப்படுகின்றனர். இவ்விரு கூட்டத்தில் பிணம் எது என்னும் புதுக்கேள்வி அங்கே பிறந்தது. புதுக்கேள்வி பிறக்குமாயின் தொடர்ச்சி முன்னதை விஞ்சலாம். பிணங்களின் தொகை மாத்திரம் பெருகினால் விஞ்சாது. இதுவே நம் அளவுகோல்.

முதற்படத்தின் கதாநாயகன் சோக்-வூ, பிறர் முதலைப் பங்குச்சந்தையில் இட்டுப் பெருக்கும் தொழிலினன். தன் சிறுமகளைத் தாயிடம் சேர்க்கச் சியோலிலிருந்து பூசானுக்கு அதிவேக ரயிலில் புறப்படுகிறான். வண்டி நகரும் தறுவாயில் நோய்கொண்ட ஒருத்தி ஏறிவிடுகிறாள். அதன்பின் கதை முழுதும் கதவுகளைப் பற்றியதே. திறந்தால் அயலான் பிழைப்பான். அடைத்தால் நாம் பிழைப்போம். கர்ப்பிணி மனைவியோடு ஓடிவரும் சங்-ஹ்வாவின் முகத்தெதிரே சோக்-வூ கதவை அடைக்கிறான். கிழவியொருத்திக்கு இருக்கையை விட்டுக்கொடுத்த தன் மகளிடம், இத்தகைய சமயத்தில் தன்னை மாத்திரமே கவனித்துக்கொள்ள வேண்டுமெனப் போதிக்கிறான். தன் நிறுவனம் முட்டுக்கொடுத்து நிறுத்திய ஆலைக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டென அறியும்போது, கையிலுள்ள இரத்தத்தைக் கழுவியவாறே அழுகிறான். அவன் மாறுவது அங்கேதான்.

பின்னர் அவனும் சங்-ஹ்வாவும் பேஸ்பால் ஆட்டக்கார இளைஞன் ஒருவனும் பிணங்கள் நிறைந்த பெட்டிகளைக் கடந்து தம்மவரை மீட்கச் செல்கின்றனர். அவர்களிடம் துப்பாக்கியில்லை, கைகளும் மட்டையுமே ஆயுதம். பிணங்களுக்கு இருட்டில் கண் தெரியாது என்று கண்டு, சுரங்கப்பாதை வரும்போதெல்லாம் ஓசையின்றி நகர்கின்றனர். அவ்விளைஞன் எதிர்நிற்கும் பிணங்களிடையே தன் குழுத் தோழரின் முகங்களைக் கண்டு கையோங்க மாட்டாமல் நிற்கிறான். முதற்படத்தில் சண்டை எவ்வாறு கதையினின்றும் பிறக்கிறது என்பதற்கு இவ்வொரு காட்சி போதும்.

இத்தனை துன்பத்தையும் தாண்டி வந்தவர்களுக்கு அப்பாலுள்ள பிரயாணிகள் கதவைத் திறக்க மறுக்கின்றனர். யோங்-சுக் என்னும் பஸ் கம்பெனி அதிகாரி அவர்களைத் தூண்டிவிடுகிறான். பின்னால் வரும் பிணங்களைத் தடுத்து நிற்கும் சங்-ஹ்வா மாண்டுபோகிறான். எப்படியோ உள்ளே நுழைந்தவரையும், நோய்பட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தின்மேல், வேறிடத்தில் ஒதுக்கி அடைக்கின்றனர். சகோதரியை இழந்த கிழவியொருத்தி இதைப் பார்த்திருந்து, மனம் வெறுத்து, பிணங்களுக்கே கதவைத் திறந்துவிடுகிறாள்.

2016-இல் இக்காட்சியைக் கண்டவர் இது மிகையென்று எண்ணியிருக்கலாம். 2020-க்குப் பின் அவ்வாறு எண்ண இயலாது. அவ்வாண்டு ஏப்ரலில் சிங்கப்பூரின் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் கொரோனா பரவியபோது, அங்கிருந்தோர் மாதக்கணக்கில் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தனர். அவர்களுள் தமிழரும் பலர். நோயைத் தடுக்க அடைப்பு அவசியமாயிருந்ததா என்பதை மருத்துவர் சொல்லட்டும். வெளியிலிருந்த நம்மில் எத்தனைபேர் அவர்களை நோயாளிகளாக எண்ணினோம், எத்தனைபேர் நோயாகவே எண்ணினோம் என்பதை நாமே சொல்லவேண்டும். அக்கேள்வியை முன்கூட்டியே கேட்டுவைத்த படம் அது.

நிற்க. இரண்டாம் படத்திற்கு வருவோம். இதுவும் கதவோடுதான் தொடங்குகிறது. ராணுவ அதிகாரியான ஜுங்-சோக் தன் தமக்கை குடும்பத்தைத் துறைமுகத்திற்கு அழைத்துச் செல்லும் வழியில், குழந்தையோடு நின்று உதவி கேட்கும் ஒரு குடும்பத்தைக் கண்டும் நில்லாமல் செல்கிறான். கப்பலில் நோய் பரவுகிறது. நோய்ப்பட்ட மகனைப் பிரியமாட்டாத தமக்கையை உள்ளே விட்டுக் கதவை அடைக்கவும் நேர்கிறது. நான்காண்டுக்குப் பின் அவனை ஹாங்காங்கில் காண்கிறோம். கொரியன் என்றாலே நோய் என்று அங்குள்ளோர் அருவருத்து விலகுகின்றனர். நாடிழந்தவனின் அவமானம்! இந்த முதற்பகுதி முதற்படத்திற்குச் சற்றும் தாழ்ந்ததன்று. புதுக்கேள்வியும் பிறந்துவிட்டதென்று நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

அந்தோ, அத்தோடு கேள்வி நின்றுவிடுகிறது! கைவிடப்பட்ட கொரியாவில் 2 கோடி அமெரிக்க டாலரோடு நிற்கும் ஒரு லாரியை மீட்டுவரும் வேலையில் படம் இறங்குகிறது. பிறகு மோட்டார்களின் துரத்தல், விளக்கொளி, வெடியோசை. பிணங்களுக்கு இங்கே முகமில்லை. அவை சக்கரத்தில் நசுங்குவதற்கென்றே சாலையில் நிற்பவை. கணக்கற்றவை மடிந்தும் ஒன்றுக்காகவும் நம் நெஞ்சு பதைக்கவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை யந்திரத்தில் வரைந்த உருவங்கள் என்பது கண்ணுக்கே தெரிகிறது.

இப்படத்தில் ஒரு கூட்டம் உண்டு. மக்களைக் காக்க ஏற்பட்ட படை அது, கொள்ளைக் கூட்டமாகிவிட்டது. பிடிபட்ட மனிதரைப் பிணங்களோடு ஓர் அடைப்பில் விட்டு, எத்தனைபேர் பிழைப்பார் என்று பந்தயம் கட்டி ஆரவாரிக்கிறது. ஜுங்-சோக்கின் மைத்துனனும் அதில் அகப்படுகிறான். இது கொடுமை என்று டைரக்டர் காட்டுகிறார், நாமும் ஒப்புகிறோம். ஆனால் சற்று நேரத்தில் அவரே பிணக்கூட்டத்தினூடே மோட்டாரை ஓட்டி, நம்மையும் ஆரவாரிக்கச் சொல்கிறார். அடைப்பைச் சூழ்ந்து கூச்சலிட்டவருக்கும் கொட்டகையில் கைதட்டும் நமக்கும் அப்போது வேற்றுமை என்ன? இவ்வினாவை அவரே எழுப்பியிருந்தால் படம் உயர்ந்திருக்கும். அவர் எழுப்பவில்லை. நம் தீர்ப்புக்கு முதற்காரணம் இதுவே.

நடுநிலை தவறலாகாது, பின்னதன் நன்மைகளையும் சொல்வோம். வழியில் கைவிடப்பட்ட அந்த மின்-ஜுங்கின் பெண்மக்களே ஜுங்-சோக்கைக் காப்பாற்றுகின்றனர். மூத்தவள் தேர்ந்த சாரதியைப்போல் மோட்டார் ஓட்டுகிறாள்; இளையவள் விளக்குப் பூட்டிய விளையாட்டுக் கார்களால் பிணங்களைத் திசைதிருப்புகிறாள். பெண்பிள்ளைகள் காக்கப்படுவோராக மாத்திரமன்றிக் காப்போராகவும் வருவது வரவேற்கத்தக்கது. முடிவில், நல்ல உலகிற்குச் செல்லப்போவதாக ஆறுதல் கூறப்படும்போது, தான் இருந்த உலகமும் மோசமானதன்று என்கிறாள் மூத்தவள். தன் குடும்பம் உடனிருந்த உலகமல்லவா அது! இவ்வளவு நல்ல பேச்சுக்குத் தகுந்த வாழ்க்கையை, அக்குடும்பம் நான்காண்டு எப்படி உண்டு உறங்கி நகைத்தது என்பதை, படம் விரிவாகக் காட்டியிருக்கலாகாதா? லாரிக்குக் கொடுத்த நேரத்தில் பாதி போதுமே!

முதற்படத்தின் முடிவையும் நினைவுகூர்வோம். சிறுமியும் கர்ப்பிணியும் இருண்ட சுரங்கப்பாதையில் நடந்து வருகின்றனர். மறுமுனையில் படைவீரர் துப்பாக்கியோடு குறிபார்க்கின்றனர். வருவது மனிதரா பிணமா என்று தெரியவில்லை. சுட உத்தரவும் ஆகிவிட்டது. அப்போது சிறுமி அழுதவண்ணம் பாடுகிறாள். தகப்பன் வராத பள்ளி விழாவில் பாட முடியாமல் நின்ற அதே பாட்டு. பாட்டைக் கேட்டுத் துப்பாக்கிகள் தாழ்கின்றன. ஒரு குண்டும் வெடிக்காத அந்த முடிவில் உள்ள பதைப்பு, இரண்டாம் படத்தின் மோட்டார்கள் அனைத்தையும் கூட்டினாலும் இல்லை.

ஆகவே, பின்னது முன்னதை வெல்லவில்லை என்பதே நம் அபிப்பிராயம். வாசகர்கள் இரண்டையும் கண்டு தாமே தீர்மானிப்பார்களாக. பிள்ளைகளோடு பார்ப்போர், படம் முடிந்ததும் எந்தச் சண்டை நன்றென்று கேளாமல், அந்த ரயிலில் நீயிருந்தால் கதவைத் திறந்திருப்பாயா என்று கேட்பார்களாக. பதில் சொல்லுமுன் பிள்ளை நம்மையும் அதையே திருப்பிக் கேட்கக்கூடும். அதற்கும் ஆயத்தமாயிருப்பது நல்லது.