மலைக்கோட்டைக்கு வராத கால எந்திரம்

தமிழ்ப் படங்களில் காலத்தைக் கைப்பற்றத் துடிக்கும் வில்லன் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரன் அளவுக்குச் சிறியவன். '24' (2016) படத்தின் ஆத்ரேயா கூடப் பிறந்தவனின் கைக்கடிகாரத்துக்காகக் கொலைக்குத் துணிகிறான். இழந்த 26 ஆண்டுகளைத் திரும்பப் பெறுவதே அவன் ஆசை. 'இன்று நேற்று நாளை'யில் (2015) கால எந்திரம் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தரும் ஜோசியக் கடை நடத்த உதவுகிறது. இந்தக் குறுகலில் ஒரு நன்மை உண்டு: காலப்பயண விதி சிக்கலானாலும் பாசமும் பணமும் எல்லோருக்கும் புரிவதால் திரையரங்கில் யாரும் வழிதவறுவதில்லை. ஆனால் கடந்த காலம் என்றாலே நம் கதாசிரியர்களுக்கு அப்பா, அம்மா, பிறந்த தேதி என்றாகிவிட்டது.

இந்த வரிசையில் வெங்கட் பிரபுவின் 'மாநாடு' (2021) தனித்து நிற்கிறது. முதலமைச்சரைக் கொன்று, பழியை ஒரு முஸ்லிம் இளைஞன் மேல் போட்டுக் கலவரம் மூட்டும் சதிதான் அதன் கதைக்களம். அதைத் தடுக்க முயலும் நாயகன் அப்துல் காலிக் செத்தால் அந்த நாள் மறுபடி தொடங்குகிறது. அதைவிட முக்கியம், எதிராளி தனுஷ்கோடிக்கும் முந்தைய சுற்றுகள் நினைவிருப்பது. எதிர்ப்பவன் கற்றுக்கொண்டால் ஆக்கிரமிப்பவனும் கற்றுக்கொள்வான் என்ற உண்மையை இவ்வளவு தெளிவாகச் சொன்ன தமிழ்ப்படம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

திண்டுக்கல் மலைக்கோட்டையின் கதையும் ஏறக்குறைய இதே சுழற்சிதான். 1767-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பிடித்தது, அடுத்த ஆண்டே இழந்தது. 1783-ல் மீண்டும் பிடித்தது, 1784-ல் மங்களூர் உடன்படிக்கைப்படி மைசூரின் திப்பு சுல்தானிடம் திருப்பிக் கொடுத்தது. 1790-ல் மூன்றாம் முறை. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வந்த பிறகு விடவே இல்லை. கோட்டைக் கதவை எவ்வளவு வீரமாகக் காத்தாலும், கடைசியில் அதன் தலைவிதியை எழுதியது எங்கோ தொலைவில் போடப்பட்ட கையெழுத்து. இங்கே ஒரு நாயகனை இறக்கினால் அவன் எந்த ஆண்டில், எந்த ஊரில் இறங்க வேண்டும்?

'மாநாடு' தடுமாறும் இடமும் இதுவே. அங்கே எதிர்ப்பு ஒற்றை ஆளின் உடம்புக்குள் அடங்கிவிடுகிறது. எத்தனை முறை செத்தாலும் அவனுக்கு வயதாவதில்லை. சிவகங்கை ராணி வேலு நாச்சியாருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 1772-ல் காளையார்கோவிலில் கணவரை இழந்து, விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரின் ஆதரவில் திண்டுக்கல் பக்கம் தங்கி, 1780-ல்தான் சிவகங்கையை மீட்டார். அதற்கு ஹைதர் அலியின் படை தேவைப்பட்டது. அந்த ஹைதரும் 1755-ல் பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, திண்டுக்கல்லுக்கு வந்து, பின்பு மைசூர் அதிகாரத்தையே கைப்பற்றியவர். ஒரு ஆக்கிரமிப்பாளரின் துணையோடு இன்னொருவரை எதிர்ப்பது என்ற இந்தச் சங்கடத்தை நம் காலப்பயணக் கதைகள் தொட்டதே இல்லை. வில்லன் வில்லனாகவே இருந்தால்தான் இடைவேளைக்குப் பிறகு படம் ஓடும் போலிருக்கிறது!

கோபால் நாயக்கர் பாளையக்காரர்களைத் திரட்டிக் கம்பெனியை எதிர்த்து 1801-ல் தூக்கிலிடப்பட்டார். ஒரு கடிகாரத்தைத் திருகி அந்தத் தூக்கை நிறுத்திவிடலாம். நல்ல இயக்குநர் கையில் அது கண்ணீர் வரவழைக்கும் காட்சியாகவும் அமையும். ஆனால் கயிற்றிலிருந்து தப்பியவர் மறுநாள் காலையில் எந்தப் பாளையத்துக்கு ஆள் அனுப்புவார், யார் பயந்து பின்வாங்குவார், யார் விலைபோவார் என்பதிலிருந்து கதையைத் தொடங்கும் எழுத்தாளரைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.