பந்து முதலில் விழும் இடம்

2005 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள். அகஸ்டாவின் 16-ஆவது குழி, பார் 3. டைகர் உட்ஸ் கிறிஸ் டிமார்கோவைவிட ஒரே ஒரு ஸ்ட்ரோக் முன்னிலையில் இருந்தார். அவருடைய முதல் ஷாட் கிரீனைத் தாண்டி இடப்பக்கம் ஓடி, புல் உயர்ந்து நிற்கும் விளிம்பை ஒட்டி நின்றுவிட்டது. டிமார்கோவின் பந்தோ கிரீனிலேயே, பேர்டி வாய்ப்போடு கிடந்தது.

உட்ஸ் குழியை நோக்கி அடிக்கவே இல்லை. குழிக்கு இடப்புறம் சுமார் 25 அடி தள்ளி, மேட்டில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு பந்தை அங்கே இறக்கினார். மிச்ச வேலையைச் சரிவு பார்த்துக்கொண்டது. பந்து திரும்பி, ஊர்ந்து வந்து, குழியின் விளிம்பில் நின்று, உள்ளே விழுந்தது. விளிம்பில் நின்ற அந்தக் கணத்தைத்தான் உலகம் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. ஷார்ட் கேமைக் கற்க விரும்புபவர் பார்க்க வேண்டியது, பந்து முதலில் தரையைத் தொட்ட இடத்தை.

கிளப் ஆட்டக்காரர்கள் பலருக்கு, கிரீனுக்குப் பக்கத்திலிருந்து சிப் அடிக்கும்போது கண் கொடியிலேயே இருக்கிறது. குழி பக்கத்தில்தானே என்று தோன்றும். பந்தைத் தூக்கிப் போட மணிக்கட்டு தானாக மடங்கும். உடல் எடை பின்காலுக்குப் போகும். கிளப் பந்துக்கு முன்பே தரையில் இடிக்கும், அல்லது பந்தின் நடுவயிற்றில் பட்டு அது கிரீனின் மறுபக்கம் பறக்கும். பந்தைத் தூக்குவதற்கென்றே கிளப்பின் முகம் சாய்ந்திருக்கிறது. வலக்கை ஆட்டக்காரர் என்றால் எடையை இடது காலில் வைத்து, கைகளைப் பந்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, கீழ்நோக்கி அடித்தால் போதும்.

விழும் இடம் முடிவானால் கிளப் தானே முடிவாகும். மட்டமான கிரீனில் சாண்ட் வெட்ஜ் பந்தைப் பறக்கவிடும் தூரமும் அது உருளும் தூரமும் ஏறக்குறைய சமம். 8-ஆம் எண் அயர்னில் ஒரு பங்கு பறந்தால் மூன்று, நான்கு பங்கு உருளும். இடையில் தடை ஏதும் இல்லாதபோது பந்தை உயரே அனுப்புவது வீண் ஆபத்து. எல்லாவற்றுக்கும் வெட்ஜையே உருவும் பழக்கம் பலரது ஸ்கோரைக் கெடுக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஷார்ட் கேமுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பு. தொழில்முறை வீரர்களின் ஸ்கோர் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் ஷாட்களால்தான் வருகிறது என்று கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி கணக்கிட்டுக் காட்டினார். அதை மறுக்கவில்லை. ஆனால் பிஜிஏ டூர் வீரர்களே 18 குழிகளில் சராசரியாக ஆறு கிரீன்களைத் தவறவிடுகிறார்கள். ஞாயிறு காலை மட்டும் ஆடுபவருக்கு அது இன்னும் எத்தனையோ கூடும். டிரைவரில் 20 கெஜம் கூட்ட உடல்வலு வேண்டும். சிப்பைத் திருத்த ஒரு கைத்துண்டு போதும். துண்டைப் பயிற்சி கிரீனில் விரித்து, குழியை மறந்து, பந்தை அதன் மேல் மட்டும் விழவையுங்கள். பிறகு அதே இடத்திலிருந்து மூன்று கிளப்களை மாற்றிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் பந்து எவ்வளவு உருள்கிறது என்று கவனியுங்கள். கடைசியில் ஒரே பந்தோடு சிப் அடித்து, புட்டும் போட்டு முடியுங்கள். போட்டியில் இரண்டாவது பந்து கிடைக்காது.

பங்க்கரிலும் விழும் இடம்தான் கணக்கு. ஆனால் அங்கே அது பந்துக்குப் பின்னால், சுமார் இரண்டு அங்குலத்தில், மணலில் இருக்கிறது. கிளப் இறங்க வேண்டியது அங்கேதான். 1932 பிரிட்டிஷ் ஓபனை ஜீன் சாரசன் வென்றபோது அவர் பையில், அடிப்பாகத்தில் ஈயப்பற்று வைத்துக் கனமாக்கிய வெட்ஜ் இருந்தது. அந்தத் தடித்த அடிப்பாகம் மணலுக்குள் புதையாமல் வழுக்கிச் செல்லும்; தள்ளப்படும் மணலே பந்தை வெளியே கொண்டுவரும். இன்றைய சாண்ட் வெட்ஜும் அதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. பயத்தில் பாதி வீச்சிலேயே கையை நிறுத்துபவருக்கு மட்டும் அது உதவாது.