அளக்காத தரம் தரமாகுமா?

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? விலையைப் பார்க்கிறோம், சிலர் காலாவதித் தேதியையும் பார்க்கிறோம். ஆனால், அதே அட்டையில் பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. '30 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத வெப்பநிலையில் வைக்கவும்' என்று பல மருந்துகளில் காணலாம். காலாவதித் தேதி ஒரு வாக்குறுதி என்றால், இந்த வரி அதன் நிபந்தனை. நிபந்தனை மீறப்பட்டால் வாக்குறுதிக்கு என்ன மதிப்பு?

மருந்து கெடுவது ஒரு வேதிவினை. வெப்பநிலை உயர உயர வேதிவினையின் வேகம் எவ்வாறு கூடுகிறது என்பதை 1889இல் சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியஸ் விளக்கினார். 10 டிகிரி உயர்ந்தால் பல வினைகளின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகிறது.

"பகலில் 40 டிகிரி, இரவில் 20 டிகிரி, சராசரி 30தானே?" என்று நீங்கள் கேட்கலாம். கணக்கிட்டுப் பாருங்கள். 30 டிகிரியில் கெடும் வேகத்தை 1 என்று கொண்டால், 40இல் அது 2, 20இல் அரை. இரண்டின் சராசரி ஒன்றேகால்! பகலில் இழந்ததை இரவின் குளிர் ஈடுசெய்வதில்லை. இதனால்தான் மருந்தியலார் சாதாரணச் சராசரியை விடுத்து, ஹெய்ன்ஸ் என்பவர் 1971இல் வகுத்த வேறொரு சராசரியைக் கையாள்கின்றனர்.

சென்ற மே மாதம், எங்கள் கல்லூரி ஆய்வகத்திலிருந்த சிக்ஸ் உச்ச-நீச வெப்பமானியை எடுத்துக்கொண்டு ஒரு மருந்துக் கடைக்குச் சென்றேன். உரிமையாளர் இசைந்ததால், தகரக் கூரைக்குக் கீழிருந்த மேல்தட்டில் ஒரு நாள் வைத்தேன். உச்சம் 39 டிகிரி. மறுநாள் குளிர்பதனப் பெட்டியில், பனிக்கட்டி அறையை ஒட்டி வைத்தேன். நீசம் சுழிக்குக் கீழே 2 டிகிரி! அந்த இடத்தில்தான் இன்சுலின் புட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. "இதை யாரும் இதுவரை கேட்டதில்லையே, சார்" என்றார் அவர். ஒரு கடையை வைத்து எல்லாக் கடைகளையும் எடைபோடக் கூடாது. ஆனால் அவர் சொன்ன அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மேல்தட்டு மாத்திரைகளைப் பற்றி அளவுக்கு மீறி அஞ்ச வேண்டியதில்லை. பல மருந்துகளை 40 டிகிரியில் ஆறு மாதம் வைத்துச் சோதித்த பின்னரே சந்தைக்கு அனுப்புகின்றனர். இன்சுலினின் கதை வேறு. திறக்காத புட்டியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும்; உறையவே விடக்கூடாது. அது ஒரு புரதம். உறைந்து உருகினால் அதன் ஆற்றல் குறையலாம். பழைய நிலைக்கு அது மீள்வதில்லை. பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாமலும் போகலாம்.

விளைவை எண்ணிப் பாருங்கள். ஊசி போட்டும் நோயாளிக்குச் சர்க்கரை குறையவில்லை. மருத்துவர் அளவைக் கூட்டுகிறார். அடுத்த மாதம் வேறு கடையில் நல்ல இன்சுலின் கிடைக்கிறது. கூட்டிய அதே அளவு இப்போது சர்க்கரையை ஆபத்தான நிலைக்குத் தாழ்த்திவிடும். நோயாளி மயங்கி விழுந்தால், குற்றம் குளிர்பதனப் பெட்டியில் தொடங்கியது என்று யார் கண்டுபிடிப்பார்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தையொட்டி 1945இல் வந்த விதிகள், சில்லறைக் கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடமும், மருந்தை முறையாகச் சேமிக்கும் வசதியும் கோருகின்றன. பதிவுபெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையையும் கேட்கின்றன. ஆனால் 'வசதி' என்பது பெட்டி இருப்பதா, பெட்டிக்குள் சரியான வெப்பநிலை இருப்பதா? பெட்டியைக் கண்ணால் காணலாம். வெப்பநிலையை அளந்துதான் அறிய முடியும். அளக்காத தரம் ஏட்டில் மட்டுமே வாழும்.

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டும் போதும். காலையும் மாலையும் குறித்து வைக்கலாம். பெட்டியின் நடுத்தட்டில், பனிக்கட்டி அறையையும் கதவையும் விட்டு விலக்கி இன்சுலினை வைக்கலாம். காலியிடத்தில் நீர் நிரம்பிய புட்டிகளை வைத்தால், நீரின் வெப்ப ஏற்புத்திறன் மிகுதியாதலால், மின்சாரம் தடைப்பட்டாலும் பெட்டி விரைவில் சூடாகாது.

வாசகர்களே! அடுத்த முறை மருந்து வாங்கும்போது, "உங்கள் பெட்டியில் இப்போது எத்தனை டிகிரி?" என்று பணிவோடு கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் வெப்பமானி வாங்குவார். பிறகு வீட்டிற்குச் சென்று, உங்கள் பெட்டியில் இன்சுலின் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.