பரமதத்தன் கும்பிட்டபோது

காரைக்கால் அம்மையார் கதையைச் சொல்பவர்கள் மாம்பழத்தில் தொடங்கி மாம்பழத்திலேயே நின்றுவிடுகிறார்கள். காரைக்காலில் ஆனி மாதத் திருவிழாவிலும் வீசப்படுவது மாங்கனிதான். கணவன் விட்டுப்போனதைப் பக்குவத்தோடு ஏற்றார், மனத்தை இறைவன் பக்கம் திருப்பிக்கொண்டார் என்று சொற்பொழிவில் முடிப்பார்கள். கைவிடப்பட்ட பெண்களுக்கு ஆறுதலாகவும் இதையே சொல்கிறார்கள்: "ஏத்துக்கோம்மா, எல்லாம் அவன் செயல்." பெரியபுராணத்தை அப்படி என்னால் வாசிக்க முடியவில்லை.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய அந்தப் பகுதியில் யார் சொல்கிறார், யார் மறைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே போங்கள். பரமதத்தன் அனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றைப் புனிதவதி சிவனடியாருக்குப் படைத்துவிடுகிறார். கணவன் இரண்டாவதையும் கேட்க, இறைவனை வேண்டி ஒன்றைப் பெற்றுத் தருகிறார். சுவை வேறாக இருக்கிறதே, எங்கே கிடைத்தது என்கிறான். தயங்குகிறார், மறைப்பது முறையில்லை என்று நடந்ததைச் சொல்லிவிடுகிறார். அவன் நம்பவில்லை. இன்னொன்று வரவழைக்கச் சொல்கிறான். வருகிறது, அவன் கையில் பட்டதும் மறைகிறது. அன்றிலிருந்து அவனுக்கு அச்சம். அந்த அச்சத்தை அவரிடம் அவன் சொல்வதேயில்லை. பொருளீட்டப் போகிறேன் என்று கப்பலேறியவன், பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் வேறொரு வணிகர் மகளை மணந்து வாழ்கிறான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று பெயரும் வைக்கிறான்.

செய்தி தெரிந்து உறவினர்கள் அவரைப் பல்லக்கில் ஏற்றி அங்கே கொண்டுபோகிறார்கள். அவன் மனைவியோடும் குழந்தையோடும் வந்து காலில் விழுகிறான். இவர் மானுடப் பெண் அல்லர், தெய்வம் என்று கூட்டத்துக்கு அறிவிக்கிறான். இந்தக் கும்பிடு எனக்கு எப்போதும் உறுத்தும். தெய்வம் என்று சொல்லிவிட்டால் விட்டுப்போனதற்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது. உறவினர்களும் கேட்கவில்லை, திகைத்து நிற்கிறார்கள். நம் வீடுகளிலும் "நீ ரொம்ப உயர்ந்தவ, உனக்கு நான் தகுதியில்ல" என்று சொல்லி நடையைக் கட்டியவர்கள் உண்டு.

அவர் என்ன செய்கிறார்? அழவில்லை, சபிக்கவில்லை, அவனை மன்னித்ததாகவும் சேக்கிழார் சொல்லவில்லை. இவன் கருத்து இதுவென்றால் இவனுக்காகச் சுமந்த இந்தத் தசையை எடுத்துவிடு, பேய் வடிவம் கொடு என்று இறைவனிடம் கேட்கிறார். பொறுமை என்று நாம் சொல்லிப் பழகியது இது அல்ல. உறவு மாறிவிட்டது என்பதை முழுவதும் ஒப்புக்கொண்டு, அந்த உறவு தன் உடம்பின்மேல் வைத்திருந்த எதிர்பார்ப்பையும் அதோடு முடித்துக்கொள்கிறார். இனி அந்த உடம்பைக் காட்டி யாரும் அவரை மனைவி என்றோ வாழாவெட்டி என்றோ அழைக்க முடியாது. கயிலையில் என்ன வேண்டும் என்று இறைவன் கேட்கும்போதும் அவருக்குத் தயக்கமில்லை: பிறவி வேண்டாம்; பிறந்தே ஆகவேண்டுமென்றால் உன்னை மறவாமை வேண்டும்; நீ ஆடும்போது நான் பாடிக்கொண்டு அடியின்கீழ் இருக்கவேண்டும்.

ஆனாலும் இது சேக்கிழார் சொல்லும் வரிசை. கணவன் போனான், அதனால் கடவுளிடம் போனார். அம்மையாரின் பாடல்களாக நமக்குக் கிடைத்திருப்பவை 143. அற்புதத் திருவந்தாதி 101, இரட்டை மணிமாலை 20, திருவாலங்காட்டுப் பதிகங்கள் 22. சேக்கிழாருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. அவற்றில் மாம்பழம் இல்லை, பரமதத்தன் இல்லை. பேசக் கற்ற நாள் முதலே இறைவன்மேல் காதல் என்றுதான் அந்தாதி தொடங்குகிறது. தன்னைக் காரைக்கால் பேய் என்று அவரே சொல்லிக்கொள்கிறார், சுடுகாட்டை ஆசையோடு விவரிக்கிறார். வற்றிய முலைகளும் குழிந்த கண்களும் அங்கே வெட்கத்துக்குரியவை அல்ல. மாணவிகளிடம் நான் முதலில் பதிகத்தைத்தான் கொடுப்பேன், புராணத்தைப் பிறகு. வரிசையை மாற்றினால் கேள்விகளும் மாறுகின்றன. கணவன் ஏன் போனான் என்று கேட்பதை விட்டுவிட்டு, இவ்வளவு பாடியவருக்கு ஒரு கணவன் கதை ஏன் தேவைப்பட்டது என்று கேட்கிறார்கள்.

போன ஆண்டு ஒரு மாணவி கேட்டது வேறு. கணவன் சொன்னான் என்று குழந்தையோடு வந்து ஒரு அந்நியப் பெண்ணின் காலில் விழுந்தாளே, அந்த இரண்டாம் மனைவி, அவளுக்கு என்ன பெயர்? புராணத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். மகளுக்குப் பெயர் இருக்கிறது. அவளுக்கு இல்லை.